ஒற்றை மரம் தெரியும் பாலம்

"மூணாவது வரியைப் படிங்கம்மா" என்றார் கண்ணாடிக்காரர். கடைக்கு வந்திருந்த அம்மாள் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை ஏதோ பழைய விரோதியைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மாமனார்.

மாமனார் வெட்டிக்குப் போன் செய்கிற ஆள் இல்லை. விஷயம் இருந்தால்தான் செய்வார்.

"மாப்பிள்ளை, பாலத்தைத் திறந்துட்டாங்க."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த லென்ஸ் நழுவி மேசைக்கு அடியில் உருண்டது. எந்தப் பாலம் என்று கேட்க வேண்டியதே இல்லை. அந்தக் குடும்பத்தில் பாலம் என்றால் ஒன்றுதான்.

ஆற்றுக்கு மேலே பத்து மாடி உயரத்தில், கல் வளைவுகளின் முதுகில் நீண்டு கிடக்கும் பழைய ரயில் பாலம் அது. கட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. புதுப் பாலம் வந்த பிறகு அதில் ரயில் போவதில்லை. புறாக்கள்தான் வாடகை கொடுக்காமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. இப்போது தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, இரும்பு வலையில் தரை போட்டு, ஆளுக்கு ஒரு டிக்கெட் என்று ஜனங்களை நடக்க விட்டிருக்கிறார்களாம். வலைத் தரை எதற்கு என்றால், நடக்கும்போதே காலுக்குக் கீழே ஆறு தெரிய வேண்டுமாம். இதை யோசித்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் கண்ணாடிக்காரர் அவருக்கு ஆயுசுக்கும் கண்ணாடி போட மாட்டார்.

மாமனார் அந்தப் பாலத்தில் காலமெல்லாம் ரயில் ஓட்டியவர். எஞ்சின் டிரைவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் யார் வந்தாலும் அவர்களை உட்கார வைத்துப் பாலத்தின் மேல் ஒரு தரம் கூட்டிக்கொண்டு போய்விட்டுத்தான் விடுவார். "நடு ஆத்துல ஒரு திட்டு இருக்கும். திட்டு மேல ஒத்தை மரம். அந்தாண்ட கரையில சிவப்பு ஓடு போட்ட கட்டடம். அதுக்கு முன்னாடி வரிசையாப் படகு. எஞ்சின்லேர்ந்து பாத்தா சித்திரம் எழுதின மாதிரி இருக்கும்" என்பார். கேட்டுக் கேட்டு, அந்த மரத்துக்கு எந்தப் பக்கம் கிளை ஒடிந்திருக்கிறது என்பது வரை பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

"நாம ரெண்டு பேரும் நடக்கறோம்" என்றார் மாமனார். "இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு. எஞ்சின்ல என்கூட நின்ன பழைய உதவியாள் இருக்கானே, அவனுக்கு அந்தக் கரையில டிக்கெட் கிழிக்கிற வேலை கிடைச்சிருக்கு. வந்தே ஆகணும்னு பிடிவாதம் பிடிக்கறான். நீங்க பக்கத்துல இருந்தா எனக்கும் ஒரு தெம்பு. நீங்க நடந்த ஆளாச்சே."

நடந்த ஆள். அதுதான் வினை.

பெண் கேட்டு அவர் வீட்டுக்குப் போன நாளில் கண்ணாடிக்காரர் சோபாவின் விளிம்பில் பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும் இருந்தார். பெண்ணுக்குச் சம்மதம். பெண்ணின் அம்மாவுக்கும் சம்மதம். டிரைவர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. கடையைப் பற்றிக் கேட்பார், வருமானத்தைப் பற்றிக் கேட்பார் என்று இவர் பதில்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தார். அவரோ, "பெரிய பாலத்தைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "பாக்கறதா? நடந்தே தாண்டியிருக்கேன் சார்" என்று வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

உண்மை வேறு. காலேஜில் படிக்கும்போது கூட்டாளிகளோடு அங்கே போனார். ஒரு காலை எடுத்துப் பாலத்தின் மேல் வைத்தார். கீழே பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கூட்டாளிகள் அவரை அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரி பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த விஷயம் தெரிந்த கூட்டாளிகள் யாரையும் அவர் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை.

பொய்யைக் கேட்ட டிரைவர் எழுந்து வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "என் பொண்ணுக்கு இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். அன்றிலிருந்து மாமனார் வீட்டில் கண்ணாடிக்காரருக்கு ஜன்னல் ஓர நாற்காலி, முதல் காபி, முதல் மரியாதை. மூத்த மாப்பிள்ளையான சகலைக்கு எல்லாம் இரண்டாவதுதான். சகலை லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறவர். "லிஃப்ட்ல நின்னுக்கிட்டுப் போறதெல்லாம் ஒரு உயரமா?" என்று மாமனார் அவரை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். சகலைக்கு அந்தக் காந்தல் இன்றுவரை அடங்கவில்லை.

நாற்காலியும் காபியும் போனால் போகட்டும். ஆனால் கண்ணாடிக்காரரை ஒரு தைரியசாலி என்று இந்த உலகத்தில் நம்புகிற ஒரே ஆள் மாமனார்தான். அந்த நம்பிக்கை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறச் சொன்னால்கூடத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று நழுவுகிறவர் அவர். பல்பு மாற்றுவதெல்லாம் மனைவிதான். அவள் இவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டியிருந்தாள். பயந்தாங்கொள்ளி என்பதற்குச் சோம்பேறி எவ்வளவோ மேல் என்று இவரும் விட்டுவிட்டார்.

மேசைக்கு அடியிலிருந்து லென்ஸைத் தேடி எடுத்தார். "நாலாவது வரியும் படிக்கணுமா?" என்று அந்த அம்மாள் கேட்டார். அவர் எப்போதோ மூன்றாவது வரியை முடித்திருந்தார்.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர் நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். முட்டியில் பிடிப்பு, நடக்கவே முடியவில்லை, பாலத்துக்கு எப்படி வருவேன் என்று தெரியவில்லை என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னார்.

"காலையில நல்லாத்தானே போனீங்க?" என்றாள் மனைவி. அதோடு விட்டாளா என்றால் இல்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா தன் கணவரிடம் சொன்னாள். கண்ணாடிக்காரர் கை கால் கழுவிக்கொண்டு வருவதற்குள் சகலையின் குரல் ஸ்பீக்கரில் காத்திருந்தது. ஒரு ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் பார்க்கப் போவாராம். அங்கே சக்கர நாற்காலி ஒன்று இரவல் கேட்டிருக்கிறாராம்.

"நீங்க உக்காந்தா மட்டும் போதும் சகலை. அந்தக் கரை வரைக்கும் நான் தள்ளிக்கிட்டுப் போறேன். அப்படியே வீடியோவும் எடுத்துடலாம்."

கால் தரையில் படாமல், பிரேக் பிடிக்காத நாற்காலியில், ஜென்ம விரோதி பின்னால் நின்று தள்ள, வலைத் தரையில் கடகடவென்று உருண்டு போவதைக் கண்ணாடிக்காரர் மனதுக்குள் ஒரு தடவை பார்த்தார். மறுநாள் காலையில் முட்டி பூரணமாகக் குணமாகிவிட்டது. வாசல் வரை ஓடிப்போய்ப் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆனால் பற்றவைத்த நெருப்பு அணையவில்லை. இரண்டு பேர் போவதாக இருந்த இடத்துக்கு இப்போது சகலையும் வருவதாக ஆயிற்று, மனைவியும் கிளம்பினாள். சகலை ஒரு வேனையும் ஏற்பாடு செய்துவிட்டார். சாட்சி இல்லாமல் மானம் போவதற்கும் வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு போய் மானத்தை விடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பழகினால் எல்லாம் வரும் என்று கடையில் ஒரு நாள் மத்தியானம் ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்தார். ஏறியது வரைக்கும் சரி. இறங்க முடியவில்லை. சுவரில் இருந்த கண் படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கடைத் தையல்காரர் நூல் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பார்த்து, உள்ளே வந்து இறக்கிவிட்டார். "ஒட்டடை அடிக்கறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் கண்ணாடிக்காரர். கையில் ஒட்டடைக் கோல் இல்லையே என்று தையல்காரர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

அன்றுதான் அந்த யோசனை உதித்தது. உயரம் அவரை ஒன்றும் செய்யவில்லை; உயரம் கண்ணுக்குத் தெரிவதுதான் செய்கிறது. தெரியாமல் செய்துவிட்டால்? கண்ணைத் திறந்துகொண்டே ஒன்றும் தெரியாமல் நடந்துவிட்டால்? உலகத்தில் எல்லாரும் தெரிவதற்காகக் கண்ணாடி செய்வார்கள். தெரியாமல் இருக்க ஒரு கண்ணாடி செய்ய அவரைவிட யோக்கியதை உள்ள ஆள் யார்?

போட்டிருக்கிற கண்ணாடியைக் கழற்றினால் போதாதா என்று கேட்கலாம். கழற்றிப் பார்த்தார். அவருக்குப் பவர் ரொம்பக் குறைவு. கழற்றினாலும் தெருவில் போகிற பஸ்ஸின் நம்பர் தெரிந்தது. ஆறு தெரியாமல் போகுமா? ஆகவே, இருப்பதிலேயே தடிமனான லென்ஸை எடுத்துத் தான் போட்டிருப்பது போலவே இன்னொரு ஃப்ரேமில் பொருத்தினார். மாட்டிப் பார்த்தார். கை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் உலகம் முழுவதும் பால். "வாங்க சார், உக்காருங்க" என்று மூலையில் இருந்த கோட் ஸ்டாண்டை வரவேற்றார். பரிசோதனை வெற்றி.

இதற்கிடையில் மாமனாரும் ஒரு கண்ணாடி கேட்டிருந்தார். பாலத்துக்குப் போகும்போது புதுசு வேண்டுமாம். "நீங்க போட்டிருக்கிற மாதிரியே, அதே ஃப்ரேம்" என்றார். அதையும் செய்தார். மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் தூரத்துப் பார்வைக்கு ஒரே பவர். அந்த வீட்டில் இருவருக்கும் நிஜமாகவே ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். ஒரே ஃப்ரேம், கடைப் பெயர் அச்சடித்த ஒரே மாதிரி நீல டப்பா. அதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

வேனில் ஏறியதும் மாமனார் புது டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாலத்தில் போய்த்தான் போடுவேன் என்றார். கண்ணாடிக்காரர் தன் டப்பாவைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்திருந்தார். "ரெண்டு பேரும் குனிஞ்சு நிமிந்து அதை உடைக்கப் போறீங்க, குடுங்க இப்படி" என்று மனைவி இரண்டையும் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வழியெல்லாம் சகலை விசாரணை நடத்தினார். "நீங்க நடந்தப்போ தரை எப்படி சகலை? கட்டையா, கல்லா?" என்றார்.

"மழை பெய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு. தரையெல்லாம் யார் பாத்தாங்க?"

"கைப்பிடி எந்தப் பக்கம்?"

"நான் கைப்பிடியெல்லாம் பிடிக்கல."

"தொணதொணக்காம வாங்களேன்" என்று மாமனார் திடீரென்று சிடுசிடுத்தார். எப்போதும் பாலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நிறுத்தாத மனுஷர், அன்று வேன் ஏறியதிலிருந்து வாயைத் திறக்கவில்லை. கண்ணாடிக்காரருக்குத் தன் கவலையே தலைக்கு மேல் இருந்ததால் இதெல்லாம் மண்டையில் ஏறவில்லை.

பாலத்தின் வாசலில் இறங்கினார்கள். கீழே ஆறு எங்கோ பாதாளத்தில் சலசலத்தது. மாமனார் அங்கே பதித்திருந்த கல்வெட்டை முழுக்கப் படித்தார். படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்து, சாப்பிட்டுவிட்டு நடக்கலாமா என்றார். மணி பத்துகூட ஆகவில்லையே அப்பா என்றாள் மகள். மறுபடியும் கழிப்பறைக்குப் போனார்.

மகள் கைப்பையைத் திறந்து, "இது உங்களோடது, இது அப்பாவோடது" என்று ஆளுக்கொரு டப்பாவை நீட்டினாள். எதை வைத்துப் பிரித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவ்வளவு உறுதியாகச் சொன்னாள்.

மாமனார் பழைய கண்ணாடியைக் கழற்றிப் புதுசை மாட்டினார். அப்படியே நின்றார். மெதுவாக இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார், கீழே குனிந்து பார்த்தார். இறுகிக் கிடந்த அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"மாப்பிள்ளை, கண்ணாடின்னா இதுதான் கண்ணாடி. இத்தனை நாளா என்னத்தையோ மாட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, யாருக்கும் காத்திராமல் விடுவிடுவென்று பாலத்தில் ஏறி நடந்தார்.

தொழிலில் இப்படி ஒரு பாராட்டு இதுவரை கிடைத்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் கண்ணாடிக்காரரும் தன் டப்பாவைத் திறந்தார். யாரும் பார்க்காதபோது கண்ணாடியை மாற்றினார். பாலாகக் கரைய வேண்டிய உலகம், அழுக்குப் போகத் துடைத்துவைத்த மாதிரி பளிச்சென்று எதிரே வந்து நின்றது. வலைத் தரையின் ஒவ்வொரு கண்ணியும் தெரிந்தது. கண்ணிக்குக் கீழே, பத்து மாடி ஆழத்தில், பாறை மேல் ஒரு கொக்கு நின்றது. அது எந்தக் காலைத் தூக்கியிருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது.

ஒரு கணம் அவர் தன்னைப் பற்றித்தான் பயந்தார். அடுத்த கணம் விஷயம் உறைத்தது. இது மாமனாரின் கண்ணாடி. அப்படியென்றால் குருட்டுக் கண்ணாடி அவர் மூக்கில் இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு எழுபது வயசு மனுஷர் பாலத்தின் மேல் கைவீசிப் போய்க்கொண்டிருக்கிறார். போதாக்குறைக்கு, நடுவில் ஓரிடத்தில் வர்ணம் அடிப்பதற்காக ஒரு பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, வெறும் கயிறு கட்டி அதில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். மாமனார் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கமாகவே சாய்ந்து போய்க்கொண்டிருந்தார்.

கத்தலாம். நில்லுங்கள், கண்ணாடி மாறிப்போச்சு என்று கத்தலாம். கத்தினால், அப்படி ஒரு கண்ணாடி எதற்குச் செய்தாய் என்று கேட்பார்கள். சகலை பக்கத்திலேயே போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கத்தாவிட்டால் மாமனார் ஆற்றில் இருப்பார். கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வாய்க்குப் பதிலாகக் கால் கிளம்பிவிட்டது.

அவர் ஓடினார் என்று மனைவி பிற்பாடு சொன்னாள். அவருக்கு அது ஞாபகமில்லை. கண்ணை மூடவும் வழியில்லை. இரண்டு பேரில் ஒருத்தருக்காவது கண் தெரிய வேண்டும். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டக் கொட்ட, கொக்கையும் பாறையையும் பார்த்துக்கொண்டேதான் ஓடினார். கயிற்றுக்கு ஒரு முழம் இருக்கும்போது மாமனாரின் கையை எட்டிப் பிடித்தார்.

"என்ன மாப்பிள்ளை?"

"இந்தப் பக்கம் வாங்க மாமா. அந்தப் பக்கம் வெயில் அதிகம்."

மாமனாரின் கை ஜில்லிட்டு வேர்த்திருந்தது. பிடித்த கையை அவர் விடவில்லை. கண்ணாடிக்காரரும் விடவில்லை. இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு நடந்தார்கள். மாமனார் தலையை நிமிர்த்தி, ஒரு காலத்தில் எஞ்சினில் நின்றது போலவே நின்று நின்று நாலா பக்கமும் காட்டினார்.

"அதோ பாருங்க திட்டு. திட்டு மேல ஒத்தை மரம். தெரியுதா?"

கண்ணாடிக்காரர் பார்த்தார். அங்கே திட்டும் இல்லை, மரமும் இல்லை. அவர் கை காட்டிய பக்கம் வெறும் தண்ணீர்தான் ஓடியது. வெள்ளத்தில் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். "தெரியுது மாமா" என்றார்.

"அந்தாண்ட சிவப்பு ஓடு. முன்னாடி படகெல்லாம் வரிசையா. எத்தனை வருஷமாச்சு, எல்லாம் அப்படியே இருக்கு பாத்தீங்களா?"

கரையில் புதர் மண்டிக் கிடந்தது. ஓடும் இல்லை, படகும் இல்லை. குருட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டு பழைய ஞாபகத்தைப் பார்க்கிறாரே பாவம் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. "அப்படியே இருக்கு மாமா, சித்திரம் எழுதின மாதிரி இருக்கு" என்று அழுதுகொண்டே சொன்னார்.

அந்தக் கரையில் மண்ணை மிதித்ததும் கண்ணாடிக்காரர் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். பின்னாலேயே மனைவி ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டு, கடைத்தெருவில் நடக்கிற மாதிரி வந்து சேர்ந்தாள். மூத்த மாப்பிள்ளை எங்கே என்று மாமனார் கேட்கும் தோரணையில் பார்க்க, அவர் நாலு தப்படி வந்ததும் வேனைப் பூட்டவில்லை என்று ஞாபகம் வந்து திரும்பிவிட்டார் என்றாள். வேனுக்கு டிரைவர் இருக்கிறாரே என்று இவள் சொன்னாளாம். அவர் காதில் விழவில்லையாம்.

டிக்கெட் கூண்டிலிருந்து ஒரு மெலிந்த கிழவர் ஓடி வந்தார். "அண்ணே!" என்று மாமனாரைக் கட்டிக்கொண்டார். அவர்தான் பழைய உதவியாள். பெஞ்சில் உட்கார வைத்தார், ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். எப்படி அண்ணே இருந்தது நடை என்று கேட்டார். பிரமாதம், எல்லாம் இந்தக் கண்ணாடியின் மகிமை, மாப்பிள்ளை கையால் செய்தது என்று மாமனார் கழற்றி நீட்டினார். கண்ணாடிக்காரர் எழுந்து தடுப்பதற்குள் உதவியாள் வாங்கி மாட்டிக்கொண்டுவிட்டார்.

"என்னண்ணே இது? ஒரு எழவும் தெரியலையே" என்று டீயைத் தன் மடியிலேயே ஊற்றிக்கொண்டார்.

மனைவி அந்தக் கண்ணாடியைப் பிடுங்கித் தான் போட்டுப் பார்த்தாள். கழற்றினாள். கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மேல் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

கண்ணாடிக்காரர் தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். காலேஜில் பஸ் வரை மூட்டையாகப் போனது, சோபா விளிம்பில் வாய் தவறியது, முட்டி, ஸ்டூல், தடிமன் லென்ஸ், ஒன்றையும் விடவில்லை. "நான் நடந்த ஆளே இல்ல மாமா. இன்னிக்குத்தான் முதல் தடவை. பொய் சொல்லித்தான் உங்க பொண்ணைக் கட்டினேன்" என்றார். சொன்ன பிறகு தலையை நிமிர்த்த வெட்கமாக இருந்தது.

"அப்போ பல்பு மாத்த ஏறாததும் இதனாலதானா?" என்றாள் மனைவி. "இத்தனை வருஷம் சோம்பேறின்னு திட்டிட்டேனே. சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" குரலில் கோபத்தைவிட இரக்கம்தான் அதிகம் இருந்தது. மிச்சமிருந்த வாழைப்பழத்தை அவரிடம் கொடுத்தாள்.

மாமனார் மகளிடமிருந்து கண்ணாடியை வாங்கி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"இதுல ஒண்ணும் தெரியலைன்னு எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? அதனாலதானே நடந்தேன்."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு இந்தப் பாலம்னா உசிரே போயிடும்" என்றார் மாமனார். "முதல் நாள் வண்டி ஓட்டினப்போ கீழே பாத்தேன், அவ்வளவுதான். அப்புறம் வேலைக்கு இருந்த கடைசி நாள் வரைக்கும் பாலம் வந்தா கண்ணை இறுக்கி மூடிக்குவேன். வெளியில சொல்ல முடியுமா? வேலை போயிடும். நடந்தே தாண்டியிருக்கேன்னு நீங்க சொன்னதும் கும்பிடணும் போல இருந்துச்சு. நமக்கில்லாத தைரியம் பொண்ணுக்காவது துணையா இருக்கட்டும்னுதான் குடுத்தேன்."

"அப்போ அந்த மரம், படகெல்லாம்?"

"எல்லாம் இவன்தான்" என்று மாமனார் உதவியாளின் தோளில் கை போட்டார். "நான் கண்ணை மூடினதும் பக்கத்துல நின்னு ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டே வருவான். திட்டு வந்துருச்சு, மரம் வந்துருச்சு, படகு தெரியுதுன்னு. இவன் பாத்துச் சொல்றாங்கிற ஒரே தைரியத்துலதான் அத்தனை ஜனத்தையும் பின்னாடி வச்சுக்கிட்டு வண்டியை விட்டேன். இவன் கண்ணுதான் என் கண்ணு."

உதவியாள் மடியில் கொட்டிய டீயைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"அது எங்க வீட்டுக் காலண்டர்ல இருந்த படம்ணே" என்றார். "நான் எங்க கீழே பாத்தேன்? நீங்கதான் பாத்து ஓட்டறீங்களேன்னு நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் நின்னேன்."